நடு சீட்டில் உட்கார்ந்தவர்

டெஸ்ட் டிரைவ் எடுக்கும்போது நீங்கள் எந்த சீட்டில் உட்காருகிறீர்கள்? இதென்ன கேள்வி, ஸ்டியரிங்குக்கு முன்னால்தான் என்று சிரிப்பீர்கள். முப்பத்திரண்டு வருஷம் நானும் அங்கேதான் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்து ஒரு மனுஷனுக்கு நான் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

அடையாறு ஷெட்டில் இப்போது சூப்பர்வைசராக இருக்கும் குமரன் போன வாரம் போன் செய்தான். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். உங்களில் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள் என்று சொன்னான், கேட்கவே சந்தோஷமாக இருந்தது. "ஷேக்கிங் கேஸ் ஒண்ணு எழுதுண்ணே. அதுலதான் நீ கில்லாடி" என்றான். அவன் குத்திக் காட்டவில்லை, மனசாரத்தான் சொன்னான் என்று வைத்துக்கொள்கிறேன். எந்தக் கேஸை எழுதப் போகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை. படிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும்.

அவன் சொன்ன மாதிரி எனக்கு ஒரு பேர் இருந்தது. வண்டி உதறுகிறது, குலுக்குகிறது என்றால் தி.நகரிலிருந்தும் மேற்கு மாம்பலத்திலிருந்தும்கூட என்னைத் தேடி வருவார்கள். ஸ்டியரிங்கில் இரண்டு விரலை வைத்தாலே வியாதியைச் சொல்லிவிடுவார் என்று பேசிக்கொள்வார்கள். அதில் பாதி உண்மை. மீதியை நானே கிளப்பிவிட்டேன். பேர் வந்த பிறகு ஒரு சங்கடமும் கூடவே வந்து சேர்ந்தது. ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல வாய் வராது. பக்கத்தில் நாலு பேர் நின்று பார்க்கும்போது சுத்தமாக வராது.

ஒரு நாள் காலை பதினொரு மணி வாக்கில் பெரிய எஸ்.யூ.வி. ஒன்று உள்ளே வந்தது. பதினான்கு வயசு வண்டி. நம் ஷெட் வாசலின் குறுகலான சந்து உங்களுக்குத் தெரியும், பைக் திருப்பவே திண்டாட்டம். அந்த வண்டி ரிவர்ஸில் வந்து ஒரே மூச்சில் இரண்டு காருக்கு நடுவில் கச்சிதமாக நின்றது. கதவைத் திறந்துகொண்டு இறங்கியவர் அறுபத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா. காட்டன் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ.

"இன்னாண்ணே இது, லாரி சைஸுக்குக் கீது, மாமி சும்மா அசால்ட்டா வுட்டு நிறுத்துது!" என்று குமரன் வாயைப் பிளந்தான். அப்போது அவன் மெக்கானிக். என்னுடன் பதினைந்து வருஷம் வேலை செய்தவன்.

அவர் பெயர் கல்யாணி. மயிலாப்பூரில் வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். நடு சீட்டில் அவருடைய கணவர் ராகவன் சார் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாசத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். பதில்தான் சொல்ல முடியாது. இடது கை மட்டும் அவர் சொன்னபடி கேட்டது.

"இவருக்குப் பெருங்குடியில பிசியோதெரபி. வாரத்துல அஞ்சு நாள் அழைச்சுண்டு போறேன்" என்றார் மேடம். "முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம், அதுக்குள்ள என்ன வரதோ அதுதான்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஏற்கெனவே ரெண்டு மாசம் போயிடுத்து. ஓ.எம்.ஆர்.ல வேகம் எடுத்தா இவர் கையைத் தூக்கிண்டு என்னமோ காட்டறார். பின்னாடி குலுக்கறதோ என்னமோ. எனக்கு ஸ்டியரிங்ல ஒண்ணும் தெரியலை. ஆனா பொதுவாவே வண்டி தூக்கித் தூக்கிப் போடறது. கொஞ்சம் பார்த்துக் குடுங்கோ."

டாக்சி, ஆட்டோ எல்லாம் முயற்சி செய்து பார்த்தாராம். சக்கர நாற்காலி வைக்க இடம் போதவில்லை, குனிந்து ஏறுவதும் முடியவில்லை. இந்த வண்டியில் ஒரு சின்ன ஸ்டூலைப் போட்டு, கதவுக்கு மேலே இருக்கும் பிடியை இடது கையால் பற்றிக்கொண்டால் சார் தானாகவே ஏறிவிடுவார். பதினான்கு வருஷமாக அந்த வண்டியை ஓட்டியவரும் அவர்தான். மேடம் ஸ்டியரிங்கைப் பிடித்தது அவர் விழுந்த பிறகுதான்.

இதையெல்லாம் நான் காதில் வாங்கினேன். ஆனால் பேசியதெல்லாம் மேடத்திடம். சாரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நம் தொழிலின் கெட்ட பழக்கம் அது. ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நமக்குக் கஸ்டமர். பின்னால் உட்கார்ந்திருப்பவர் சுமை. அரிசி மூட்டையைப் பார்த்து ‘உனக்கு எப்படி இருந்தது’ என்று யாராவது கேட்பார்களா? நான் அவரை அப்படித்தான் வைத்திருந்தேன்.

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். நமது வழக்கமான ரூட் உங்களுக்குத் தெரியும்: ஷெட்டிலிருந்து பெசன்ட் நகர், கடற்கரையை ஒட்டி ஒரு சுற்று, திரும்பி ஷெட். அங்கே நாற்பதைத் தாண்டவே முடியாது. ஸ்டியரிங் நேராக நின்றது. பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் துள்ளியது. ஷாக் அப்சார்பர் போயிருக்கிறது என்று முடிவு கட்டினேன். அதை மாற்றி, சக்கரங்களை பேலன்ஸ் செய்து, அலைன்மென்ட் பார்த்து அனுப்பினோம்.

நான்கே நாளில் மேடம் திரும்பி வந்தார். "இவர் இன்னமும் கையைத் தூக்கறார்" என்றார்.

ரப்பர் புஷ்களை மாற்றினேன். வண்டி போயிற்று, மறுபடி வந்தது. எஞ்சின் மவுண்ட்டிங் மாற்றினேன். மறுபடி வந்தது. ஒரு வண்டி மூன்று தடவை திரும்பி வந்தால் ஷெட்டில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கும் போகப் போகத் தெரியவரும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டீ குடிக்கும்போது பேச்சு மட்டும் சட்டென்று நின்றுவிடும்.

நாலாவது தடவை அந்த வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் அந்தப் பழைய வித்தையைக் கையில் எடுத்தேன். இந்த வரியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

குலுக்கல் கேஸில் காரணம் கிடைக்கவில்லை என்றால் சில பேர் டயரில் காற்றைக் குறைத்து விடுவார்கள். பத்து பாயிண்ட் குறைத்தால் வண்டி மெத்தை மாதிரி போகும். கஸ்டமர் வாசலைத் தாண்டும்போதே ‘ஆஹா’ என்பார். ஒரு வாரம், பத்து நாள் கழித்து எங்கேயாவது பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும்போது பழைய குலுக்கல் திரும்பி வரும். அதற்குள் நம் பேர் தப்பித்துவிடும். டயர் சூடாகி வெடிக்கலாம் என்பதெல்லாம் நமக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தேதான் செய்வோம். எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவரின் பேர் வேண்டாம், போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் வருஷக்கணக்கில் அதைச் செய்யாமல்தான் இருந்தேன்.

"நாலு வீல்லயும் பத்து கொறச்சு வுடு" என்றேன் குமரனிடம்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அண்ணே, இது மெய்யாலுமே ஷேக் ஆவுற வண்டிண்ணே."

"சொன்னதைச் செய்யேன்டா" என்று எரிந்து விழுந்தேன். செய்தான்.

மேடம் வந்தார். இந்தத் தடவை அவர்களோடு நானும் போவதாகச் சொன்னேன். அவர் ஓட்ட, நான் முன் சீட்டில், சார் வழக்கம்போல நடுவில். திருவான்மியூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனோம். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டு மூடிய சாலையில்கூட வண்டி அலுங்காமல் ஏறி இறங்கியது. மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "என்னமா போறது! பஞ்சு மாதிரி இருக்கே!" என்றார். நானும் சிரித்தேன். என் கைவரிசை என்பது போலச் சிரித்தேன்.

ரோடு கொஞ்சம் காலியாக இருந்த இடத்தில் அவர் ஆக்சிலரேட்டரை மிதித்தார். முள் ஐம்பத்தைந்தைத் தொட்டபோது என் காலுக்குக் கீழே தரையில் ஒரு சின்ன முனகல். தோளில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. திரும்பினேன். ராகவன் சார் இடது கையை நீட்டி என்னைத் தட்டியிருந்தார். மறுபடி தட்டினார். பிறகு உள்ளங்கையைக் கீழே பார்த்து விரித்து, விரல்களை வேகமாக உதறிக் காட்டினார். சிக்னலுக்காக மேடம் காலை எடுத்தார். உதறிக்கொண்டிருந்த கை அந்த நொடியே தொடையில் இறங்கிவிட்டது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் தொழிலுக்குப் புதுசுதான், இருந்தாலும் உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். மிதித்தால் வருகிறது, காலை எடுத்தால் நிற்கிறது, ஸ்டியரிங்கில் தெரியவில்லை, பின்னால் உட்கார்ந்தவருக்குத் தெரிகிறது. அப்படியென்றால் சக்கரத்தில் இல்லை, ஷாக்கிலும் இல்லை. எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைப் பார்க்க வேண்டும். அந்த மனுஷன் பேச்சில்லாமல் ஒரு முழு ரிப்போர்ட்டை என் கண்ணுக்கு நேரே எழுதிக் காட்டினார். நான் படிக்கவில்லை. படிக்க எனக்கு இஷ்டமில்லை, ஏனென்றால் படித்தால் நாலு தடவை நான் தப்பு செய்தேன் என்று ஆகிவிடும்.

"இவர் இன்னும் காட்டறாரே?" என்றார் மேடம், கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி.

நான் வாய் கூசாமல் சொன்னேன்: "மேடம், வண்டி கரெக்டா இருக்கு. நீங்களே பார்த்தீங்க. இந்த வியாதி வந்தவங்களுக்கு ஓடற வண்டியில உட்கார்ந்தா உடம்புக்குள்ள ஒரு உதறல் இருக்கிற மாதிரியே தோணும். நரம்பு சமாச்சாரம். நம்ம கஸ்டமர்லயே ரெண்டு மூணு பேரைப் பார்த்திருக்கேன். வண்டியில இல்ல, சார் உடம்புலதான்."

இரண்டு மூன்று பேரும் கிடையாது, ஒருத்தரும் கிடையாது. அந்த நிமிஷம் நானே உற்பத்தி செய்த பேஷன்ட்டுகள் அவர்கள். இதை நான் அவர் காதுபடத்தான் சொன்னேன், அவருக்குக் காது கேட்காது என்பது போல.

மேடம் கண்ணாடியில் மறுபடி சாரைப் பார்த்தார். பிறகு, "அப்படியா! எனக்குத் தெரியாம போச்சே" என்றார். சாரிடம், குழந்தையிடம் பேசுவது போல, "கேட்டேளா? வண்டியில ஒண்ணும் இல்லையாம். பயப்படாதேங்கோ" என்றார். சாரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தையாக வரவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டி போனது. திரும்பி வரவில்லை. ஷெட்டில் டீ நேரத்துப் பேச்சு பழையபடி தொடர்ந்தது. எனக்கும் பேர் காப்பாற்றப்பட்டதாகத் திருப்தி.

மூன்று வாரம் கழித்து மேடம் போன் செய்தார். "நீங்க சொன்னதை டாக்டர்கிட்ட கேட்டேன். இருக்கலாம், சில பேருக்கு அப்படித் தோணும்னுட்டார். ஆனா இப்போ இவர் வண்டியிலயே ஏற மாட்டேங்கறார். பிடியைப் பிடிச்சுக்க மாட்டேங்கறார், கையை இழுத்துக்கறார். பெருங்குடிக்குப் போயே பதினைஞ்சு நாளாச்சு. ஒருத்தர் ஆத்துக்கு வந்து பண்ணிவிடறார், ஆனா அங்க இருக்கற மெஷினெல்லாம் இங்க இல்லையே. எதாவது மாத்தி கீத்தி வெச்சா அவருக்கு நம்பிக்கை வருமோ?"

எனக்கு அங்கே ஒரு வாசல் திறந்திருந்தது. "வண்டியைக் கொண்டு வாங்க, மறுபடி பார்க்கிறேன்" என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். "பழகிடும் மேடம். கொஞ்சம் அதட்டித்தான் ஏத்தணும். வியாதிக்காரங்க பிடிவாதம் பிடிப்பாங்க" என்றேன். அதட்டச் சொன்னதே நான்தான். அவர் அதட்டினார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

இன்னும் இரண்டு மாசம் ஓடியது. ஆயில் சர்வீஸுக்கு நாள் வந்து, வண்டியை எடுத்துப் போகச் சொல்லி மேடம் போன் செய்தார். குமரன் கிளம்பினான். எனக்கு மயிலாப்பூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம் இருந்தது. முடிந்ததும் அவனோடு ஷெட்டுக்குத் திரும்பலாம் என்று மேடத்தின் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். மாடிக்குப் போகவில்லை. முன் சீட்டில் சார் ஏறும் ஸ்டூலும் மருந்துப் பையும் அப்படியே கிடந்தன, எடுப்பாரில்லாமல். அதை நகர்த்தச் சோம்பல்பட்டு நடுவில் ஏறி உட்கார்ந்தேன்.

சாந்தோம் தாண்டி அடையாறு பாலத்தை நெருங்கும்போது ரோடு காலியாக இருந்தது. குமரன் மிதித்தான். எனக்கு உட்கார்ந்த இடத்தில் ஆரம்பித்து முதுகுத்தண்டு வழியாகப் பல் வரைக்கும் ஓர் உதறல் ஏறியது. என் கை தன்னால் உயர்ந்து கதவுக்கு மேலே இருக்கும் பிடியைத் தேடியது.

"காலை எடு" என்றேன். எடுத்தான். நின்றது. "மிதி." மிதித்தான். வந்தது. "எடு." நின்றது.

பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.  ஆரோக்கியமான எனக்கே தாங்க முடியாத உதறல் அது. பாதி உடம்பு செத்துப்போன ஒரு மனுஷர், விழுந்துவிடாமல் ஒரே கையால் பிடித்துக்கொண்டு, வாரத்துக்கு ஐந்து நாள், போக வர, அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அது உன் உடம்பில்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம்.

"எனக்கு அன்னிக்கே டவுட்டுண்ணே" என்றான் குமரன், முன்னால் பார்த்தபடியே. "நீ தலையில அடிச்ச மாரி சொல்லிட்ட. நான் இன்னாத்த பேச?"

ஷெட்டில் ஷாஃப்ட்டைக் கழற்றினோம். அதன் நுனியில் இருக்கும் கிராஸ் என்ற மூட்டைப் பிரித்துக் குமரன் கையில் கொட்டினான். உள்ளே ஊசி ஊசியாக இருக்க வேண்டிய பேரிங்குகள் மிளகாய்ப் பொடி மாதிரி உதிர்ந்தன. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் நடு ரோட்டில் ஷாஃப்ட் பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்திருக்கும். உள்ளே இரண்டு பேர், ஓட்டுகிறவர் அறுபத்தைந்து வயசுக்காரர். 

புது கிராஸ் போட அரை நாள்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு நான் செய்ததையும் கேளுங்கள். ஜாப் கார்டில் ‘ஆயில் சர்வீஸ், பொதுச் செக்கப்’ என்று மட்டும் எழுதினேன். "மேடத்துக்கிட்ட ஒண்ணும் சொல்லிக்காத" என்று குமரனிடம் சொல்லி வண்டியை அனுப்பினேன். சரி செய்தாகிவிட்டது, இனிமேல் சார் ஏறினால் அவருக்கே தெரியும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏறினால்தானே தெரியும்? ஏற மாட்டேன் என்கிறாரே?

மூன்றாம் நாள் மேடமே கூப்பிட்டார். "வண்டி இன்னும் நன்னா ஆயிடுத்து, என்ன பண்ணினேளோ. இவரைத்தான் எப்படியாவது ஏத்தணும். ஒரு உபகாரம் பண்ணுவேளா? ஆத்துக்கு வந்து இவர்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கோ. வண்டியில ஒண்ணும் இல்லைன்னு மெக்கானிக்கே சொன்னா கேப்பார்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வருகிறேன் என்றேன்.

மாடிப்படி ஏறும்போதுகூட என் மனசு எங்கே ஓடிக்கொண்டிருந்தது தெரியுமா? ‘சார், உங்க திருப்திக்காக இன்னொரு தடவை எல்லாத்தையும் பார்த்துட்டேன், இப்போ சூப்பரா இருக்கு’ என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று. அவரும் ஏறிவிடுவார், உதறலும் இருக்காது, மேடத்துக்கும் சந்தோஷம். பொய்யென்றுகூட யாரும் சொல்ல முடியாது. நம் தொழிலில் பேசிப் பேசி அப்படி ஒரு சாமர்த்தியம் வந்துவிடுகிறது. நீங்களும் இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டுவிடுவீர்கள், அதற்குத்தான் பயப்படுகிறேன்.

சார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் ஒரு தலையணை மேல் கிடந்தது. விரல்கள் மூன்று மாசத்துக்கு முன்னால் பார்த்ததைவிட இறுகி உள்ளே மடங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த விரல்களைப் பார்த்த பிறகு என் சாமர்த்தியம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. மேடம் காபி கொண்டு வந்து கொடுத்தார். டம்ளரை வாங்காமலேயே, "மேடம், ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். ஷாஃப்ட், கிராஸ், காற்றைக் குறைத்தது, இல்லாத பேஷன்ட்டுகள் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வரிசையில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. "உதறல் வண்டியிலதான் இருந்தது. சார் காட்டினது அத்தனையும் கரெக்ட்" என்று முடித்தேன்.

மேடம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். கணக்கு டீச்சரின் குரல் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் கேட்டேன். சத்தமே போடவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்றேள்? அவர் அங்க உக்காந்துண்டிருக்கார். அவர்கிட்ட சொல்லுங்கோ."

அப்போதும் பாருங்கள், மன்னிப்புக் கேட்கிற நேரத்திலும் நான் அவர் தலைக்கு மேலே அவருடைய மனைவியிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவருக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன். நாற்காலியில் உட்கார உடம்பு கூசியது. "சார், வண்டி ஷேக் ஆச்சு. நீங்க சொன்னது சரி. எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல. தெரியலைன்னு சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு, உங்க உடம்புலன்னு பொய் சொன்னேன்" என்றேன். இவ்வளவுதான் வந்தது. ‘மன்னிச்சிடுங்க’ என்பது வரவில்லை.

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. மனைவியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். இத்தனை நாள் இதைத்தானே சொன்னேன் என்று கேட்பது போலப் பார்த்தார்.

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். "மூணு மாசமா உங்களைப் பிடிவாதம் பிடிக்கறேள், பிடிவாதம் பிடிக்கறேள்னு..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "ஒரு நாள் கையை ஓங்கிட்டேனே" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

சார் இடது கையை என் பக்கம் அசைத்தார். போ என்று. துரத்துகிற மாதிரி இல்லை. வீட்டுக்காரர்கள் தனியாக இருக்க வேண்டிய நேரத்தில் வெளியாளை அனுப்புவார்களே, அது மாதிரி. எழுந்து வந்துவிட்டேன். 

மறுநாளே சார் வண்டியில் ஏறிவிட்டார் என்று மேடம் ஒரு மெசேஜ் அனுப்பினார். நடுவில் போன நாட்களால் நஷ்டமா என்று டாக்டரைக் கேட்டாராம். சொல்ல முடியாது என்றாராம். நானும் அதே கேள்வியை எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டுவிட்டேன், எனக்கும் அதே பதில்தான் கிடைக்கிறது. அந்தக் கை தேறியிருக்குமா, எப்படியும் தேறியிருக்காதா, யாருக்கும் தெரியாது. தெரியாமலே போகும்படி செய்தவன் நான்.

குமரனுக்காக நாலு வரி பாடமும் எழுத வேண்டும். ஷேக்கிங் கேஸ் வந்தால் பின்னால் போய் உட்காருங்கள். எந்த ரோட்டில், எந்த வேகத்தில் வருகிறது என்று சொல்கிறார்களோ அந்த ரோட்டுக்கே போங்கள், நமக்குச் சௌகரியமான ரோட்டுக்கு வேண்டாம். வண்டியில் யார் யார் உட்காருவார்களோ அத்தனை பேரையும் கேளுங்கள். பேச முடியாதவராக இருந்தால் இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். ஒரு நாள் அவமானம், அவ்வளவுதான். டயரில் காற்றைக் குறைக்கச் சொல்லி எவனாவது, அவன் எத்தனை பெரிய சீனியராக இருந்தாலும் சரி, சொன்னால் செய்யாதீர்கள். குமரனே சொன்னாலும் சரி. அவன் சொல்ல மாட்டான்.

பாடம் சொல்வது சுலபமாகத்தான் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு, எப்படியோ கடைசியில் போய் உண்மையைச் சொல்லிவிட்டாரே, நல்ல மனுஷர் என்று உங்களில் யாராவது நினைத்துவிடப் போகிறீர்கள். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்த வண்டி அதற்கப்புறம் நம் ஷெட்டுக்கு வரவில்லை. வேறு எங்கேயோ விட ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த சர்வீஸுக்கு நாள் வந்து, ஒரு வாரம் போய், இரண்டு வாரம் போய், இனிமேல் அவர்கள் வரப்போவதில்லை என்று உறுதியான அன்றைக்கு நான் வருத்தப்படவில்லை. அப்பாடா என்று இருந்தது. கேண்டீனில் உட்கார்ந்து இரண்டு வடை கூடச் சாப்பிட்டேன்.